வாபஸ் வாங்காத மலையம்மாள்

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிக்கொடி கிடையாது, கட்சிச் சின்னமும் கிடையாது. கட்சி இல்லையென்றால் வெட்டுக்குத்தும் இருக்காது என்று சட்டம் எழுதிய புண்ணியவான் நாச்சியாபுரம் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும்.

அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆடு வளர்த்துப் பிழைப்பவள் மலையம்மாள். புருஷன் செத்ததும் நிலத்தைப் பிடுங்க வந்த கொழுந்தன்மார் முன்னால் மண்வெட்டியோடு வரப்பில் நின்றவள். தன் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வராத ஆத்திரத்தில் தலைவர் பதவிக்கு மனுப் போட்டுவிட்டாள். ஊர்ப் பெரியவர்களோ தங்களுக்கு வேண்டிய அழகுராஜாவைப் போட்டியில்லாமல் உட்கார வைப்பதென்று முன்பே முடிவு கட்டியிருந்தார்கள்.

அவளிடம் நேரே பேசினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அவள் அண்ணன் முத்துவீரனைக் கருப்பர் கோயிலுக்கு அழைத்தார்கள். அவனும், "எந் தங்கச்சி எம் பேச்சைத் தட்ட மாட்டா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவள் மனுவை வாபஸ் வாங்கிவிடுவாள் என்று எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தியம் பொய்த்தால் செய்தவன் பிள்ளையைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. முத்துவீரனுக்கு ஒரே மகள், நித்யஸ்ரீ. தாயில்லாப் பிள்ளை, அத்தை மலையம்மாள் கையில் சோறு தின்று வளர்ந்தவள்.

வாபஸ் வாங்கும் கடைசி நாள் காலை, முத்துவீரன் அவள் ஆட்டுக் கொட்டிலுக்கே வந்துவிட்டான்.

"வாபஸ் வாங்கிரு மலையம்மா. எம் பிள்ளை செத்துரும்."

"யாரைக் கேட்டுச் சூடத்தை அணைச்சீக?"

கம்பை எடுத்தான். முதல் அடியில் அவள் வலது மணிக்கட்டு நொறுங்கியது. அடுத்ததில் மண்டை பிளந்தது. பாவி, அழுதுகொண்டே அடித்தான். அழுகிறவன் அடி லேசாக விழும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழகுராஜாவின் ஆட்கள் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மேசையில் ரத்தம் சொட்டியதைப் பார்த்த தேர்தல் அதிகாரியான பெண், காவலரை விட்டு அத்தனை பேரையும் வெளியேற்றினார். "சொந்த விருப்பத்துலதான் வாபஸ் வாங்குறீங்களாம்மா?"

ஜன்னலுக்கு வெளியே முத்துவீரன் கைகூப்பி நின்றான். மலையம்மாளுக்கு உள்ளம் ஆடத்தான் செய்தது. எப்படி ஆடாமல் இருக்கும்?

"இல்லம்மா. நான் நிக்கிறேன். கையை ஒடிச்சது எங்கண்ணன் முத்துவீரன். அதையும் எழுதிக்கங்க."

அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். மகள் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டே போனான்.

வண்டி கிளம்பியதும் மலையம்மாள் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டாள்: "பள்ளிக்கூடம் விட்டதும் நித்யஸ்ரீயை எங்க வீட்டுக்குக் கூட்டியாரச் சொல்லுங்கம்மா. அப்பனைக் காணாம பயந்துக்கிரும்."