அப்பா முடிக்காத பிரசங்கம்

ஒன்பது வயதில் எனக்குப் பிறர்சினேகம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். காரணம் அப்பாதான். திண்டுக்கல்லில் வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எரியோட்டுப் பக்கம் ஒரு கிராமத்து மாதாகோயிலுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் அங்கே மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் அப்பாதான் செபம் சொல்லிப் பிரசங்கமும் செய்வார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், டவுன் கோயிலில் ஒன்பது நாள் நடக்கும் நவநாளில் அப்பாவைப் பேச வைக்கலாமா என்று பார்க்க, வரும் ஞாயிறு கிராமத்துக் கோயிலில் அவர் பிரசங்கத்தைச் சாமியாரே நேரில் கேட்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. பிறர்சினேகத்தைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தார். ஏழாம் பக்கத்தில் சிவப்பு மையால் 'இங்கே குரல் தழுதழுக்கவும்' என்று எழுதியிருந்தார். நோட்டைப் பிடித்துக்கொண்டு தப்பைத் திருத்துவது என் வேலை. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தால்கூட வழிவிடாமல், சுவரைப் பார்த்து, "அயலாரை நேசியுங்கள்" என்று கையை விரிப்பார். யார் வந்தாலும் அப்புறம் வரச் சொல் என்று எனக்கு உத்தரவு. புதன்கிழமை மாலை கிராமத்து ஆள் ஒருவர் வந்து, செத்த நேரம் ஐயாவைப் பார்க்கணும் என்றார். அப்பா படித்துக்கொண்டிருக்கிறார் என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சாமியார் ஓரமாக நாற்காலியில் இருந்தார். நாலாம் பக்கத்திலேயே முன்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அதற்குள் என்ன அழுகை என்று எனக்கு ஆத்திரம். அப்பா குரலை உயர்த்திப் பார்த்தார். அவள் அழுகையும் உயர்ந்தது. கடைசியில், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

"எம் மகன் பாம்பு கடிச்சுப் போயிட்டான்யா. குழிய மந்திரிச்சு அடக்கம் பண்ண வாங்கன்னு புதங்கெழம ஆள் அனுப்புனோம். படிக்கிறீகன்னு சொல்லிட்டாக. செபமில்லாமத்தான் பொதைச்சோம்."

அப்பா அப்படியே நின்றார். வரி மறந்துவிட்டதாக நினைத்து நான் நோட்டைப் பார்த்து, "ஆகவே பிரியமானவர்களே" என்று உரக்க எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பவில்லை. இறங்கிப் போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"திருப்பி அனுப்பச் சொன்னது நான்தாம்மா. என்னைய மன்னிச்சிரு. பையன் பேரு என்ன?"

அதற்குமேல் பிரசங்கம் இல்லை. எல்லோரும் கல்லறைக்குப் போனோம். புது மண்மேட்டின் பக்கத்தில் முழங்கால் போட்டு அப்பா செபம் சொன்னார். பாதியில் குரல் வரவில்லை. மிச்சத்தை அந்தப் பெண்தான் சொல்லி முடித்தாள். சாமியார் பின்னாலேயே நின்றார். நவநாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

ஒரு வாரம் தொண்டை காய எடுத்துக் கொடுத்ததெல்லாம் வீண். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பும் வழியில் சைக்கிள் மிதிக்க முடியாமல் அப்பா இறங்கித் தள்ளினார். அடிக்கடி தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமியார் முன்னால் பேர் கெட்டுவிட்டதே என்று அழுகிறார் என எண்ணி, கேரியரில் உட்கார்ந்தபடியே பெரிய மனுஷி மாதிரி தேற்றினேன்:

"விடுங்கப்பா, அடுத்த வருசம் நல்லாப் பேசிரலாம்."