அப்பா சிமெண்ட் போட்ட வாசல்

மீன் கழுவின தண்ணி வாசம்... சனிக்கிழமை காலையில எங்க வீட்டுல காப்பி வாசத்துக்கு முன்னாடி அதுதான் வரும். அப்பா மார்க்கெட்டுல இருந்து ஒரு வாளி வாங்கிட்டு வந்து ரோஜாச் செடிக்கு ஊத்துவாரு. அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் கேட் ஓரத்துல கூடிடும்.

"ஏங்க, இது வீடா, மீன் கடையா?"ன்னு அம்மா உள்ள இருந்து கத்துவாங்க. அப்பா காதுல விழாத மாதிரி அடுத்த சட்டிக்குப் போயிடுவாரு.

ஈப்போ புந்தோங்ல, வரிசையா ஒட்டிக் கட்டின சின்ன டெரஸ் வீடு எங்களுது. அதுக்கு முன்னாடி ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டுல இருந்தோம். அப்பா அங்க பால்மரம் வெட்டினவரு. எஸ்டேட்ட வித்து எண்ணெய்க்கு செம்பனை போடப்போறோம்னு நாங்க இருந்த லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமான் ஏத்தின லாரியில பாதி எடத்த பூச்சட்டி புடிச்சுக்கிச்சு. "புள்ளைங்க உக்கார எடமில்ல, ரோஜாச் செடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கு"ன்னு அம்மா ஈப்போ வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தாங்க.

இங்க வந்து அப்பாவுக்கு பேக்டரியில ஜாகா வேல, வாட்ச்மேன்தான். வேல முடிஞ்சா நேரா வீடு. குடி, சீட்டு, வெட்டி அரட்டை எதுவும் கிடையாது. அம்மா, நான், தம்பி, செடி, சர்ச்சு... அவ்வளவுதான் அவரு ஒலகம்.

சனிக்கிழமை சாயந்தரம் இருக்கறதுலயே நல்ல பூவா பார்த்து வெட்டி, ஹால்ல மாதா சுரூபத்துக்கு முன்னாடி ஜாடியில வைப்பாரு. பழைய தண்ணிய கொட்டி புதுசு ஊத்தறதும் அவருதான். எங்கள தொட விடமாட்டாரு. தினமும் அங்க முட்டிபோட்டுத்தான் குடும்ப ஜெபம். அப்பா சொல்லுவாரு, நாங்க தூங்கி வழிவோம்.

எங்க பக்கம் கொசுவால வர்ற டிங்கி காய்ச்சல் எப்பவும் இருக்கும். அதனால தண்ணி தேங்கிடும்னு அப்பா சட்டிக்கு அடியில தட்டே வைக்கமாட்டாரு. மழை பெஞ்சா டார்ச்ச எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சட்டியா பார்ப்பாரு.

ஆனா டிங்கி வந்தது எங்க அம்மாவுக்கு.

சாதாரண காய்ச்சல்னுதான் நெனச்சோம். கிளினிக்ல மாத்திர குடுத்தாங்க. அப்பறம் ரத்தத்துல அணு கொறஞ்சு, ஆஸ்பத்திரி, ஐசியூ... நாங்க மூணு பேரும் அங்கயே கெடந்தோம். வீடு பூட்டியே இருந்துச்சு. ஒரு வாரம் தாண்டி அம்மா போயிட்டாங்க.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் சுகாதார ஆபீஸ்ல இருந்து ஒரு மலாய்க்காரப் பொண்ணு வந்தா. முன்னாடி ஒருதரம் வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சாம். வாசல்ல இருந்த செடியெல்லாம் பார்த்தா. "பாகுஸ் பாக்சிக், நல்லா இருக்கு மாமா, ரொம்ப சுத்தம்"னு மலாய்ல பாராட்டினா. அப்பறம் ஹாலுக்குள்ள வந்து மாதா முன்னாடி இருந்த ஜாடியில டார்ச் அடிச்சா.

காஞ்சுபோன ரோஜாவுக்குக் கீழ கொசுப்புழு நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்பா ஜாடியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அந்தப் பொண்ணு சுவத்துல மாலை போட்டிருந்த அம்மா போட்டோவ பார்த்துட்டு கொரல தாழ்த்திட்டா. "பாக்சிக், இது இப்ப வந்த புழு. மாக்சிக்க கடிச்ச கொசு எங்கேருந்தும் வந்திருக்கலாம்"னா. உண்மதான். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப யாரு தண்ணி மாத்தினது? நானும் அதத்தான் சொன்னேன்.

"அதுக்கு முன்னாடியும் இருந்திருந்தா?"ன்னாரு அப்பா.

"வாராவாரம் நீங்கதானப்பா மாத்துனீங்க."

"ஜாடிய தேச்சுக் கழுவலையேம்மா. கொசு முட்ட உள்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குமாம். தண்ணிதான மாத்துனேன்."

அதுக்கப்பறம் நான் என்ன சொன்னாலும் "சரிம்மா"தான். அந்த 'சரிம்மா'வக் கேட்டா எனக்கு எரிச்சலா வரும், அழுகையா வரும்.

அம்மாவோட முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவங்கள அப்பா வெறுங்கையோட அனுப்பல. ஆளுக்கு ஒரு பூச்சட்டி. வேணாம்னவங்க கையிலயும் திணிச்சாரு. "உங்களுக்கு இருக்கட்டும் அண்ணே"ன்னு ஒருத்தரு சொன்னதுக்கு, "எனக்கு எதுக்குலா, எடுத்துட்டுப் போ"ன்னு அதட்டிட்டாரு. எங்க அப்பா அதட்டி நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

அடுத்த வாரமே வாசல் முழுக்க சிமெண்ட். ஒரு புல்லு மொளைக்க சந்து விடல. புந்தோங்ல எங்க தெருவுல இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்... சாயந்தரமானா ஒரு மனுஷன் அந்த மொட்ட வாசல்ல நாற்காலி போட்டு சும்மா உக்காந்திருப்பாரு. அவருதான் எங்க அப்பா.

ஜெபத்த மட்டும் விடல. ஆனா மாதா முன்னாடி பூ வைக்கல. சர்ச்சுல யாராவது பூ கேட்டா, "கடையில வாங்கிக்கங்க"ம்பாரு.

போன வருஷம் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். இனிமே தேறமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியானம் ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசி, நன்மை அப்பம் குடுத்துட்டுப் போனாரு. அப்பறமும் அப்பா மொகம் தெளியல.

"என்னப்பா பண்ணுது?"

"பயமா இருக்கும்மா."

"சாமிகிட்டதானப்பா போறீங்க..."

"சாமிகிட்ட என்ன பயம்? அங்க உங்கம்மா இருப்பாளே. அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்கப்பான்னு சொன்னேன். "சரிம்மா"ன்னாரு. ரெண்டு நாள்ல போயிட்டாரு.

அம்மா இருந்தப்பல்லாம் மோட்சம்னா எங்க அப்பாவுக்கு தைப்பிங்ல இருக்கற சித்தப்பா வீட்டுக்குப் போற மாதிரி. "அங்க எல்லாரும் ஒண்ணா இருக்கப்போறோம்"னு சோறு சாப்புடும்போதுகூட சந்தோஷமா சொல்லுவாரு. "மொதல்ல சோத்த தின்னுங்க"ம்பாங்க அம்மா. அப்படி நம்பின மனுஷன் கடைசியில அங்க போகத்தான் பயந்தாரு.

இப்ப எங்க வீட்டுல ஜெபம் சொல்றது நான்தான். என் புள்ளைங்க கைப்பேசிய பாத்துக்கிட்டே பதில் சொல்லுதுங்க. எல்லாம் முடிஞ்சு அதுங்க எழுந்து போனப்பறம் எனக்குன்னு ஒண்ணு மட்டும் வேண்டிக்கறேன்.

அங்க அப்பா தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னா... அம்மாவே முதல்ல பேசிடணும்.