அட்டையில் பழகிய விரல்கள்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டைப்ரைட்டிங் டீச்சராகச் சேர்ந்த வருடம், அரசாங்க கிராண்டில் நான்கு மெஷின்கள் வந்திறங்கின. மேல்வகுப்புப் பெண்கள் பள்ளியிலேயே பழகி டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதலாம் என்பது ஏற்பாடு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மெஷின்களுக்குக் குங்குமம் வைத்து, உறை போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் டீச்சர். ஒண்ணு உடைஞ்சாலும் அடுத்த கிராண்ட் வராது. அதுவரைக்கும் அட்டையில கத்துக்கொடுங்க.”

அட்டையில் கீபோர்டு வரைந்தது நான்தான். அச்சடித்த மாதிரி இருக்கிறதென்று எனக்குக் கர்வம் வேறு. இன்ஸ்பெக்டரோ வருகிற வழியாக இல்லை.

அந்தப் பெண்களில் ருக்மணி அப்பா இல்லாதவள். லோயர் பாஸானால் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை தயார். இல்லையென்றால் தங்கையின் படிப்பு நின்றுவிடும்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, கெஞ்சி ஒருநாள் அறையைத் திறக்கவைத்தேன். ருக்மணி அடித்தாள். ஒரு விரல்கூட இடம் தவறவில்லை. தாளை உருவிப் பார்த்தால் பாதி எழுத்து விழவே இல்லை. அட்டையைத் தொட்டால் போதும். மெஷினை அழுத்தி அடிக்க வேண்டும். அவள் விரல்களில் அந்தப் பலம் இல்லை.

“சரியாத்தானே டீச்சர் அடிச்சேன்?”

“சரியாத்தாம்மா அடிச்சே. தப்பு என்னோடது.”

அந்தத் தாளை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மெஷின் ரிப்பேராயிட்டா நான் என்ன பதில் சொல்றது டீச்சர்?”

“ருக்மணி ஃபெயிலாயிட்டா என்னம்மா சொல்லுவீங்க?”

இடுப்பிலிருந்து சாவியை உருவி என் கையில் வைத்தார். “காலைலயும் சாயங்காலமும் அடிக்கட்டும்.”

எல்லாப் பெண்களும் அடித்தார்கள். ரிப்பன்களில் ஓட்டை விழுந்தது, விரல் நுனிகள் வீங்கின.

பரீட்சைக்கு மெஷினையும் நாமே கொண்டுபோக வேண்டும். சென்டர் திருச்சியில். ஜட்காவில் ருக்மணியின் மெஷினை அம்மா தன் மடியில் வைத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

“இதுலதானே இவ பழகினா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“உறைய எடுங்க டீச்சர். இன்னொரு தரம் விரல் வச்சுப் பாக்கட்டும்.”

அம்மாவின் மடியிலேயே ருக்மணி படபடவென்று அடித்துப் பார்த்தாள்.

பாஸாகிவிட்டாள். தங்கையும் படித்தாள். இன்ஸ்பெக்டர் அடுத்த வருடம்தான் வந்தார்.

இப்போது பள்ளிகளுக்குப் புதுக் கருவிகள் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வந்த அன்றைக்கே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். தேய்ந்தால் தேயட்டும்.