பொய்க்கு வந்த மாப்பிள்ளை

தாணுலிங்கம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு பொய்யில்தான். போன மாசியில் என் தம்பி சுடலைமாடன், மகள் இசக்கிசெல்விக்குச் சென்னையில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையைப் பேசி முடிக்கப் பார்த்தான். துறைமுகத்தில் கேட் பாஸ் எழுதும் வேலையை விட்டுவிட்டு அவள் போக வேண்டும். நடுவீட்டில் நின்று, "நான் தாணுலிங்கத்தை விரும்புதேன்" என்று சொல்லிவிட்டாள்.

"எவம்ளா அது?"

"துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாவ."

பிறகு அடுப்படிக்கு வந்து என் காதோடு சொன்னாள்: "சும்மாதான் அத்தை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விலகினதும் சண்டை போட்டுப் பிரிஞ்சிட்டோம்னு சொல்லிருவேன். கூட நடிக்க அவியளும் சரின்னுட்டாவ."

"அவிய" என்று சொல்லும்போதே முகம் சிவக்கிற பொய்யை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை முத்தையாபுரம் வீட்டுக்கு வரச் சொன்னான் தம்பி. நெட்டையான பையன். மக்ரூன் இனிப்புப் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"எம்மவகிட்ட என்னத்தலே கண்ட?"

மனப்பாடம் செய்து வந்த பதில் மறந்துவிட்டது போலும். "பாஸ் எழுதயில நாக்க லேசா கடிச்சுக்கிடுவா அண்ணாச்சி. அவ சீட்டுல இருக்காளா இல்லியான்னு கிரேன் மேல இருந்தே பாத்துக்கிடுவேன்."

செல்வி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். இது அவர்கள் பேசி வைத்ததில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி லேசில் விடுவானா? குலதெய்வத்துக்குப் போனான். "உங்களுக்கு எந்தச் சாஸ்தா?"

"ஆலடி சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு அங்கனதான் பொங்கல் விடுவோம்."

தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். "எங்களுக்கும் அதாம்லே! ஒரே சாஸ்தான்னா பங்காளி. நீ இவளுக்கு அண்ணன்லா!"

வெறும் நாடகம்தானே, முறிந்தால் என்ன? ஆனால் செல்வி பொலபொலவென்று அழுதாள். அவன் எழுந்து பெட்டியை நாற்காலியில் வைத்தான், மறுபடி எடுத்துக்கொண்டான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "உங்க அப்பா பேரு என்ன?"

"சிவனாண்டி. ஆழ்வார்திருநகரி."

"பால்குடி மறக்குமுன்ன அப்பனைப் பறிகொடுத்த சிவனாண்டியா?"

"ஆமா. அப்பாவப் பெத்த ஆச்சி, அவியளத் தன் பொறந்த வீட்டுல வச்சுத்தான் வளத்தா."

"ஏலே சுடலை! அந்த ஆச்சி நம்ம பங்காளி வீட்டுப் பொண்ணு, நமக்கு அத்தை. மகனைத் தன் பொறந்த வீட்டுச் சாஸ்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. முறைக்கு அப்பன் வழிச் சாஸ்தாதான் கணக்கு, அது இவியளுக்கு வேற. சிவனாண்டி உனக்கு மச்சான், இவன் உனக்கு மருமகன்லே! செல்விக்கு முறை மாப்பிள்ளை!"

தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மறுக்க வழியில்லை. "உங்க அப்பாவ வரச் சொல்லுலே" என்றான்.

இரண்டு பேரும் புறவாசலுக்கு ஓடினார்கள். நான் ஜன்னலை ஒட்டி நின்றேன்.

"இப்ப என்ன செய்ய? பொய்னு சொல்லிருவமா?" என்றாள் செல்வி.

"நீ வேணா சொல்லு. எனக்குப் பொய் சொன்ன மாதிரியே தோணல."

"அத முன்னாலயே சொல்லப்படாதோ?"

"நீ மட்டும் சொன்னியாளா?"

அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டேன்.

வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. தாணுலிங்கம் இப்போது மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் செல்வியோடு இருக்கிறான். காலையில் இருவரும் ஒரே பைக்கில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்.