தெர்மகோல் பெட்டியில் வந்த ஆள்

நான் வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் புரதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு சொன்னால் கேட்பவருக்கும் தலை சுற்றும், எனக்கும் சுற்றும். எங்களுக்கு வருவது மனிதப் புரதம், ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததில்லை. அதைச் செய்வதற்கான குறிப்பு மனித உடம்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கிருமிக்குள் வைத்துவிட்டால் கிருமி உட்கார்ந்து செய்து கொடுக்கும். கடுகளவு தூளாக ஒரு சின்னக் குப்பியில், பெரிய தெர்மகோல் பெட்டிக்குள், ஐஸ் பைகளுக்கு நடுவே அது வந்து இறங்கும்.

அப்படி வந்த காலிப் பெட்டி ஒன்றைத்தான் போன ஆடியில் ஜவ்வாது மலைக்கு, எங்கள் வீட்டுக்கு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. மலையில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும், ஃபிரிட்ஜ் வெறும் அலமாரிதான். மருந்தை ஈர மணல் பானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வருஷப் படையல். நான் வெள்ளிக்கிழமையே போய் இறங்கிப் பெட்டியைக் கொடுத்தேன், ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஆங்கில ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருந்தேன். அண்ணி பன்னிரண்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மனுஷன்னு போட்டுக்கீது அத்தை. ஆராய்ச்சிக்கு மட்டும்னு கீது."

அம்மா பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். "இன்னாத்துக்குடி மனுஷன்னு போட்டுக்கீது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. குறிப்பு, கிருமி எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் முகம் தெளியவில்லை என்று இன்னும் ஒரு படி மேலே போனேன்.

"உனக்குப் போடற இன்சுலினும் இப்படித்தாம்மா. மனுஷ இன்சுலின்தான், கிருமி செய்யுது."

"மொதல்ல யாருகிட்ட இருந்து எடுத்தாங்க?"

"தெரியலம்மா."

"அவங்க இருக்காங்களா, செத்துட்டாங்களா?"

அதுவும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அந்தக் குறிப்பை மிஷினிலேயே கோத்து எடுக்கலாம், ஆளே வேண்டாம் என்றேன். "அப்போ இன்னா கோக்கறதுன்னு அந்த மிஷினுக்கு யாரைப் பார்த்து சொன்னாங்க?" என்றாள். நான்கு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

அன்று சாயங்காலம் ஊசி வேண்டாம் என்றாள். கோபமாகவெல்லாம் இல்லை.

"நாலு படி சாமை வாங்கினாகூட யாரு வூட்டுதுன்னு கேட்டுட்டுத்தான் வாங்கறோம். இது இத்தன வருஷமா ஒடம்புக்குள்ள போவுது."

சனிக்கிழமையும் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் நாக்கு வறண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு எதிரே இருக்கும் புளியமரம் வரை நடக்க முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தினேன், பிறகு அழுதேன். "நல்லாத்தான் இருந்தாங்க, நீ வந்து சொன்ன பாரு" என்றான் அண்ணன். ஆய்வகத்துப் பேராசிரியருக்குப் போன் போட்டு, இதெல்லாம் முதலில் யாருடையது சார் என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்லாக்ல இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

யாரோ ஒரு டாக்டர் தானாகவே மனசாரக் கொடுத்தார், சௌக்கியமாக இருக்கிறார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். ஏன் வாய் வரவில்லை என்று இன்றுவரை புரியவில்லை. பயமா, படித்த திமிரா, இல்லை அவள் கேட்டதற்குப் பதில் எனக்கே வேண்டியிருந்ததா, ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து குளித்துவிட்டு வந்தாள். அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வைத்தாள். பிறகு இன்னொரு இலையை எடுத்து, படத்துக்கு நேராக இல்லாமல் வாசல் பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.

"இது யாருக்கும்மா?"

"உனக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும். செத்துட்டாங்கன்னா படையல். உயிரோட இருந்தா விருந்தாளி."

அந்த இலையிலும் சோறு வைத்தாள். குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவங்க கவிச்சி சாப்பிடுவாங்களாடி?"

தெரியலம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிடுவாங்கம்மா."

குழம்பை ஊற்றினாள். கற்பூரத்தை அப்பா இலைக்கு மட்டும் காட்டினாள். மற்றவர் ஒருவேளை உயிரோடு இருந்தால் காட்டக் கூடாதே. பிறகு தரையில் உட்கார்ந்து, "ஊசிய எடுத்துக்கினு வா" என்றாள்.