பண்டாக்கின் வயிற்றில் இரண்டு ராஜாக்கள்

எங்கள் ஸ்ரீவிஜய ராஜ்யம் ஒரு தீவைப் பிடித்தால் அதன் முதல் உபத்திரவம் பண்டாக்கின் வயிற்றுக்குத்தான். பண்டாக் அரண்மனைத் துணி வெளுப்பவன். மூசி ஆற்றில் மிதக்கும் மூங்கில் தெப்ப வீட்டில் மனைவி ரம்பாயுடன் குடியிருக்கிறான். ராஜ்யம் பெருகப் பெருக ராஜாவுக்குச் சந்தேகமும் பெருத்தது. அடுத்தவனிடமிருந்து பறித்தவருக்கு அந்தக் கவலை நியாயம்தானே! ஆகவே ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் தளபதி முதல் துணி வெளுப்பவன் வரை ஏழுதலை நாகக் கல்லின் முன் வரிசையில் நிற்போம். சாபங்களை வாசித்தபடி கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே வழிவதைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துக் குடிக்க வேண்டும். ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தால் அந்த நீர் வயிற்றைக் கிழிக்கும். சதியைத் தெரிந்தும் சொல்லாதிருந்தாலும் கிழிக்கும்.

துணி வெளுப்பவன் என்ன பெரிய சதி செய்துவிடுவான் என்று கேட்கலாம். கஞ்சியைக் கூடுதலாகப் போட்டு ராஜாவை உட்கார விடாமல் செய்யலாமே! அரசாங்கம் எல்லாவற்றையும் யோசித்திருந்தது.

ராஜா கப்பற்படையோடு ஜாவாவைப் பிடிக்கப் போயிருந்த சமயம். இளைய இளவரசர் புத்த விகாரத்தில் தவமிருப்பதாக ஊரே மெச்சியது. அவருடைய இடுப்புத் துணி மட்டும் குங்கிலிய வாடையோடு வெளுப்புக்கு வந்தது. புதுப் படகின் இடுக்குகளை அடைக்கிற அதே குங்கிலியம்.

“தவம் பண்றவருக்குப் படகு எதுக்குடி?” என்றான் பண்டாக்.

“மோட்சத்துக்குப் போக இருக்கும். நீ துவை” என்றாள் ரம்பாய்.

“தெரிஞ்சும் சொல்லலன்னா வயிறு கிழியும்டி. குடிச்சுத் தொலைச்சிருக்கேனே!”

“சொன்னா கழுத்து போகும். வயிறாவது கிழிஞ்சா தைச்சுக்கலாம்.”

பண்டாக்குக்குத் தையலில் நம்பிக்கையில்லை. துறைமுக அதிகாரியிடம் போய்க் கும்பிட்டுக் குனிந்தான். குனிந்த மூக்குக்கு நேரே அதிகாரியின் இடுப்புத் துணி. அதிலும் குங்கிலியம்.

“என்னடா, முகம் வெளிறிக் கிடக்கு? உன்னையே வெளுத்துக்கிட்டியா?”

“சாம்பல்... சலவைச் சாம்பல் தீந்துபோச்சுங்க, ஐயா.”

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்த? வேற ஒண்ணும் இல்லியே?”

“இல்லீங்க. சாம்பல்தான்.”

அதிகாரி வெற்றிலையை மென்றபடி அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பெரிய சாம்பல் மூட்டையைக் கொடுத்தனுப்பினார். அரசாங்கத்திடம் கேட்டது உடனே கிடைத்த ஒரே குடிமகன் பண்டாக்தான்.

அந்த மாதமே இளவரசர் புதுப் படகுகளில் வந்திறங்கி அரியணையில் உட்கார்ந்தார். மறுபடி நாகக் கல். அதே பூசாரி, அதே சாபம். பெயர் மட்டும் புதிது. பண்டாக் நீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நகரப் பார்த்தான்.

“கன்னத்துல என்னய்யா, வெத்தலையா? முழுங்கு” என்றான் காவலன். விழுங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் வயிறு கடமுடா என்றது.

“எந்த ராஜாவோட தண்ணி?” என்று கேட்டாள் ரம்பாய்.

“ரெண்டும்தான்டி. ஒண்ணு சொல்லுங்குது, இன்னொண்ணு சொன்னா கொல்லுவேங்குது.”

“பக்கத்துத் தெப்பத்துக்குக் கேக்காம சண்டை போடச் சொல்லு.”

பருவக்காற்று திரும்பியதும் பழைய ராஜா திரும்பினார். இளவரசர் ஓடினார். கரையில் முதலில் விழுந்து கும்பிட்டவர் துறைமுக அதிகாரி. துணி பளிச்சென்றிருந்தது; வெளுத்தது பண்டாக். தெரிந்தும் சொல்லாத துரோகிகளைக் கண்டுபிடிக்க அன்றே எல்லோருக்கும் சத்திய நீர் என்று உத்தரவாயிற்று. அதிகாரி முதல் ஆளாகக் குடித்தார், வாயைத் துடைத்தார், ஒரு ஏப்பம் விட்டார். பிறகு சிரட்டையைப் பண்டாக்கிடம் நீட்டினார்.

“குடிடா. உனக்கென்ன பயம்? உனக்குத் தெரிஞ்சது சாம்பல்தானே?”

பண்டாக் குடித்தான்.

அதிகாரியின் வயிறு இன்றுவரை கிழியவில்லை. இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. பண்டாக் மட்டும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துவைக்கிறான். போன வாரம் அதிகாரியின் துணி வெளுப்புக்கு வந்தது. முகர்ந்து பார்த்த பண்டாக் அதை மெல்ல ரம்பாயிடம் நீட்டினான்.

“எனக்குச் சளி” என்று சொல்லிவிட்டு அவள் சாம்பல் மூட்டையை அவிழ்த்தாள்.