ஆள் ஓட்டம், கல் ஓட்டம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் பட்டறை கண்ணாடியை அச்சடிக்கிறது. அரிசிமணி அளவுத் துண்டுகள். ரத்தப் பரிசோதனைக் கருவிக்குப் போகிறவை. உள்ளே தலைமயிரைவிட மெல்லிய வாய்க்கால் ஓடும். தங்கச் சுரங்க ஊரில் கண்ணாடியா என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பதினோரு வருஷம் பெங்களூருக்கு ரயிலில் நின்றே போய்வந்தவன் நான். வீட்டிலிருந்து நடந்துபோகிற வேலை இது. அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு நல்ல துண்டு வராவிட்டால் கண்ணாடி சுடும் சூளையைப் பெங்களூருக்கே தூக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மறுபடி அந்த ரயில்.

அச்சில் வருவது கண்ணாடி அல்ல, பொடிமணல் கலந்த பிசின். சூளையில் பிசினை மெல்ல எரித்துவிட்டு, பிறகு மணலை இறுக்கிக் கண்ணாடியாக்க வேண்டும். அவசரப்பட்டால் நொறுங்கும். சூளைக்கு மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என்று இரண்டு ஓட்டங்கள் வைத்து, பெயரும் நானே போட்டேன்: 'ஆள்', 'கல்'. சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறினால் பதமாக இறக்குவார்கள். கல் ஏற்றினால் வேகமாக விரட்டுவார்கள். இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். 'ஆள்' கண்ணாடிக்கு; 'கல்' என்பது காலித் தட்டைச் சுட்டுச் சுத்தம் செய்ய.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பேத்தமங்கலாவில் விவசாயக் குடும்பம், சுரங்கக் கதை தெரியாதவர். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் தட்டு முழுக்க நொறுங்கல். கத்தினேன்.

"இன்னாக்கா, கல்லுல போட்டு வெச்சிருக்கீங்க?"

"பின்ன? கண்ணாடி இன்னா, ஆளா? மணலுதானே, கல்லு சாதிதானே. ஆளுன்னா பக்கத்துல ஆளு நின்னு ஓட்டுறதுன்னு நெனச்சேன்."

 தப்பு என்னுடையது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

கேஜ் கதையைச் சொன்னேன். முதலிலேயே சொல்வதற்கென்ன என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். அன்றே மறுபடி அச்சடித்து 'ஆள்' ஓட்டத்தில் வைத்தோம். அதன் பிறகு சூளைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கதவுப் பக்கம் போனாலே கையைத் தட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தோம். வெள்ளையாக உள்ளே போனவை தண்ணீர்ச் சொட்டு மாதிரி தெளிந்து கிடந்தன. அக்கா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆளுங்க பன்னெண்டு பேரும் மேல வந்துட்டாங்க சார்."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்கிற நிலையில் இல்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூர் ரயில் கூவிக்கொண்டு போனது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.